ஹூயி பழகிய கால்களுக்கு சினூக் ஏன் அடங்குவதில்லை?

கேட்கப்பட்டது இது: டி.சி.எஸ். என்ற கணினி விமான விளையாட்டில் இரண்டு வருடமாக ஹூயி, எம்.ஐ.-8 ஆகிய, மேலே ஒரே பெரிய ரோட்டர் (சுழலும் இறக்கைத் தொகுதி) உள்ள ஹெலிகாப்டர்களை ஓட்டிப் பழகிய ஒருவர், முன்னும் பின்னுமாக இரண்டு ரோட்டர் உள்ள சரக்கு ஹெலிகாப்டரான சினூக்கை வாங்கியிருக்கிறார். ஹோவரில், அதாவது அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது, மூக்கு ஓரிடத்தில் நிற்கவில்லை. சரக்கு ஏற்றினால் எழும்ப மறுக்கிறது. இறங்கும்போது வால் பக்கம் தரையில் இடிக்கிறது. நிஜ சினூக்கும் இப்படித்தானா, இல்லை விளையாட்டில் சரியாகச் செய்யவில்லையா என்பது அவருடைய சந்தேகம்.

நிஜ சினூக் அப்படி இல்லை. விளையாட்டில் இருப்பதும் அப்படி இல்லை. முதல் குறையும் மூன்றாவது குறையும் நீங்கள் ஹூயியிலிருந்து கொண்டுவந்த பழக்கத்தால் வருபவை. நடுவில் உள்ளது வெறும் கூட்டல் கழித்தல். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கால்கள். ஹூயியில் கலெக்டிவை, அதாவது இடது கையில் பிடிக்கும் ஏற்ற இறக்க நெம்புகோலை, தூக்கினால் மூக்கு வலப்பக்கம் ஓடும். அதைத் தடுக்க இடது பெடலை மிதிப்பீர்கள். எம்.ஐ.-8-இன் ரோட்டர் எதிர்த்திசையில் சுற்றுவதால் அங்கே வலது பெடல். இரண்டு வருடம் ஓட்டினால் இது யோசிக்காமலே நடக்கிற வேலையாகிவிடும். கை மேலே போகும்போதே கால் தானாக அழுந்தும். சினூக்கில் அந்தக் காலுக்கு வேலை இல்லை. முன் ரோட்டரும் பின் ரோட்டரும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றுகின்றன. மேலிருந்து பார்த்தால் முன்னது இடஞ்சுழி, பின்னது வலஞ்சுழி. ஒன்று உடலைத் திருப்பப் பார்க்கும் அளவுக்கு மற்றது எதிர்ப்பக்கம் திருப்பப் பார்ப்பதால் இரண்டும் கழிந்துவிடுகின்றன. நீங்கள் எவ்வளவு தூக்கினாலும் மூக்கு அதே இடத்தில்தான் நிற்கும், நீங்கள் திருப்பாதவரை.

ஆனால் உங்கள் கால் பழக்கத்தில் இடது பெடலை மிதிக்கிறது. மூக்கு இடப்பக்கம் போகிறது. அதைத் திருத்த வலது பெடல். அதற்குள் கையை இறக்குகிறீர்கள், கால் மறுபடியும் தானாக வேலை செய்கிறது. நீங்கள் சொன்ன ஆட்டம் முழுக்க இதுதான். நானும் முதல் இரண்டு வாரம் இதிலேயே மாட்டிக்கொண்டிருந்தேன். தீர்ந்தது ஒரே வழியில்: பெடல்களிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, எழும்பி, பத்து மீட்டர் உயரத்தில் நின்று, மறுபடி இறங்குவது. அவ்வளவுதான் பயிற்சி. நாலைந்து நாள் அதை மட்டும் செய்தேன். காலை வைக்காமலே இவ்வளவு பெரிய இயந்திரம் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் என் கால் நம்ப ஆரம்பித்தது.

இந்த இடத்தில் ஸ்டிக்கையும் பெடலையும் நகர்த்தினால் மேலே உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இது தெரியாமல் சினூக்கை ஓட்டுவது, ஸ்டியரிங் எந்தச் சக்கரத்தைத் திருப்புகிறது என்று தெரியாமல் லாரி ஓட்டுவது மாதிரி.

ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் ஹூயியில் ரோட்டர் வட்டமே முன்னால் சாயும். சினூக்கில் முன் ரோட்டர் தூக்கும் விசை கொஞ்சம் குறைகிறது, பின் ரோட்டருடையது கொஞ்சம் கூடுகிறது. பின்பக்கம் தூக்கப்படுகிறது, மூக்கு தாழ்கிறது. இரண்டு ரோட்டர் மையங்களுக்கும் இடையே சுமார் 12 மீட்டர் தூரம். அவ்வளவு நீளமான நெம்புகோலின் இரு முனைகளிலும் பிடித்துத் தூக்குவது போன்ற பலம் அதில் இருக்கிறது. மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதும் சினூக்கில் இவ்வளவு வேகமாக நடப்பதற்கு இதுதான் காரணம். உங்கள் வால் இடிப்பதற்கும் இதுதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டிக்கைப் பக்கவாட்டில் சாய்த்தால் இரண்டு ரோட்டர்களும் ஒரே பக்கம் சாய்கின்றன. பெடலை மிதித்தால் முன் ரோட்டர் ஒரு பக்கமும் பின் ரோட்டர் மறுபக்கமும் சாய்கின்றன. நீளமான மேசையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, முன்னால் இருப்பவர் இடப்பக்கமும் பின்னால் இருப்பவர் வலப்பக்கமும் நகர்ந்து திருப்புவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனால்தான் பெடலையும் ஸ்டிக்கையும் சேர்த்துப் பயன்படுத்தினால் மூக்கை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு வாலை மட்டும் சுற்ற முடிகிறது. வாலை நிறுத்திவிட்டு மூக்கைச் சுற்றவும் முடிகிறது. கட்டடங்களுக்கு நடுவே இறங்கும்போது இது பெரிய வசதி.

இன்னொன்று. வால் ரோட்டர் உள்ள ஹெலிகாப்டரில் எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு மூக்கை நேராக வைத்திருக்கவே செலவாகிவிடும். சினூக்கில் அந்தச் செலவு இல்லை. கிடைக்கும் சக்தி எல்லாம் தூக்குவதற்கே போகிறது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் அது ஹூயியைப் போலத் திணறுவதும் இல்லை. பக்கவாட்டுக் காற்று சில சமயம் உதவியாகக்கூட இருக்கும். முன்னோக்கிப் போகும்போது முன் ரோட்டர் கலக்கிவிட்ட காற்றில்தான் பின் ரோட்டர் வேலை செய்கிறது. பின் ரோட்டரை உயரமான தூணின் மேல் வைத்திருப்பது அந்தக் கலங்கலிலிருந்து கொஞ்சமாவது விலக்கத்தான். பக்கத்திலிருந்து காற்று வந்தால் இரண்டுக்குமே புதுக் காற்று கிடைக்கிறது.

ஒவ்வொரு ரோட்டரும் 18.3 மீட்டர் விட்டம். மையங்களின் இடைவெளி 12 மீட்டர்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று நன்றாகவே ஏறுகின்றன. மூன்று மூன்று இறக்கைகள் நிமிடத்துக்கு 225 சுற்று வேகத்தில் ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று புகுந்து போகின்றன. இதைச் சாத்தியமாக்குவது உடலின் மேற்பகுதியில் ஓடும் தண்டும் கியர் பாக்ஸ்களும்தான். இரண்டு எஞ்சின்களும் பின்னால் இருந்தாலும், இரண்டின் சக்தியும் ஒரு பொதுக் கியர் பாக்ஸில் சேர்ந்து, அங்கிருந்து இரு ரோட்டர்களுக்கும் பிரிகிறது. ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றது இரண்டையும் சுற்றும். இந்த ஒத்திசைவு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் துயரமான சான்று 1986 நவம்பர் 6 அன்று நடந்தது. ஷெட்லாந்து தீவுகளின் சம்பர்க் அருகே, எண்ணெய்க் கிணற்றுப் பணியாளர்களை ஏற்றிவந்த பயணிகள் சினூக் ஒன்றில் முன் கியர் பாக்ஸின் பல்சக்கரம் உடைந்தது. ரோட்டர்கள் ஒத்திசைவு இழந்து மோதிக்கொண்டன. 47 பேரில் 45 பேர் இறந்தார்கள். விளையாட்டில் டார்க் (கியர் பாக்ஸ்மேல் விழும் முறுக்கு விசை) எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் முரட்டுத்தனமாக ஓட்டுபவர்களைப் பார்க்கும்போது இது எனக்கு நினைவுக்கு வரும்.

சரி, ஸ்டிக் விஷயத்துக்கு வருவோம். நிஜ சினூக்கில் ஸ்டிக்கை ஒரு காந்தப் பிடிப்பு அதே நிலையில் நிறுத்திவைக்கும். விமானி ஒரு பொத்தானை அழுத்தி அந்தப் பிடிப்பை விடுவித்து, வேண்டிய இடத்துக்கு ஸ்டிக்கை நகர்த்தி, பொத்தானை விடுவார். ஸ்டிக் அங்கேயே நிற்கும். உங்கள் ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் இருக்கிறது. விட்டால் நடுவுக்கு வந்துவிடும். அதனால் விளையாட்டின் தனி அமைப்புகளுக்குப் போய், டிரிம் பொத்தானை (அந்தப் பிடிப்பை விடுவிக்கும் பொத்தான்) விட்ட பிறகு நீங்கள் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும்வரை காத்திருக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். இதை மாற்றாமல் ஓட்டினால், டிரிம் செய்த மறுநொடி மூக்கு குதிக்கும். பலர் "சினூக் தறிகெட்டு ஓடுகிறது" என்று சொல்வதில் பாதி இந்த ஒரு அமைப்பால்தான். மூக்கை ஏற்றி இறக்கும் அச்சுக்கு அமைப்புகளில் 15 முதல் 20 வரை வளைவும் (நடுவில் அசைவு மென்மையாக இருக்கும்படி) கொடுத்துக்கொள்ளுங்கள். குட்டையான ஜாய்ஸ்டிக்கில் அந்த நெம்புகோல் பலத்தை நுணுக்கமாகக் கையாள வேறு வழி இல்லை.

டிரிம் பழகியபின் இன்னொரு பழக்கத்தை விட வேண்டும்: ஓயாமல் திருத்துவது. ஹூயியில் உங்கள் கை ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. விளையாட்டில் உள்ள சிஎச்-47எஃப் என்ற சினூக் ரகத்தில் டிஜிட்டல் தானியங்கிப் பறப்புக் கட்டுப்பாடு உண்டு. அது எப்போதும் பின்னணியில் ஆட்டத்தை அடக்கிக்கொண்டே இருக்கும். நீங்களும் அதே நேரத்தில் அதே ஆட்டத்தை அடக்கப் போனால், ஒரே கதவைத் திறக்க இரண்டு பேர் இரு பக்கமும் இழுப்பது போல ஆகும். சின்ன அசைவு கொடுங்கள், ஒரு மூச்சு பொறுங்கள், என்ன செய்கிறது என்று பாருங்கள், பிறகு அடுத்த அசைவு. பெரிய உடல், பதில் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

வேகம் கூடும்போது மூக்கு ஏன் கீழே போகவில்லை என்றும் சிலர் கேட்கிறார்கள். வேகம் கூடக்கூட இரண்டு ரோட்டர்களையும் தானாக முன்பக்கம் சாய்க்கும் ஒரு அமைப்பு உள்ளது. உடல் ஏறக்குறைய மட்டமாகவே இருக்க, ரோட்டர்கள் மட்டும் சாய்ந்து இழுக்கும். 130, 140 நாட் (மணிக்கு சுமார் 240 முதல் 260 கி.மீ.) வேகத்தில் உள்ளே இருக்கும் சரக்கும் ஆட்களும் மட்டமாகப் பயணிப்பதற்கும், ரோட்டர் தண்டின்மேல் வரும் வளைவுச் சுமை குறைவதற்கும் இது. ஆகவே மூக்கின் சாய்வைப் பார்த்து வேகத்தை ஊகிக்கும் ஹூயிப் பழக்கம் இங்கே பொய்த்துப்போகும். வேகமானியைப் பாருங்கள்.

எஞ்சின் கிளப்புவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டப் போவதில்லை. துணை எஞ்சினைக் கிளப்பி, பெரிய எஞ்சின்களை ஒவ்வொன்றாகத் தரை நிலைக்கும் பிறகு பறப்பு நிலைக்கும் கொண்டுபோனால் மீதியை எரிபொருள் கணினி பார்த்துக்கொள்ளும். எம்.ஐ.-8 கிளப்பத் தெரிந்தவருக்கு இது சுலபம். முன்னால் உள்ள ஐந்து திரைகளைக் கண்டு மலைக்க வேண்டாம். முதல் மாதத்துக்கு இரண்டு போதும். தரையில் நிற்கும்போதும் உருளும்போதும் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். பின் ரோட்டரின் இறக்கைகள் தாழ்ந்து, அவை தொங்காமல் தாங்கும் கட்டைகளின்மேல் மோத ஆரம்பிக்கும். நிஜத்தில் சேதம் உண்டாக்கும் தவறு இது. நிறுத்துவதற்குச் சக்கர பிரேக் இருக்கிறது.

இப்போது எடை. என் கருத்தில் சினூக்கின் சாரமே இங்கேதான். போர் ஹெலிகாப்டரை மீட்டுருவாக்குவது என்றால் ஆயுதத்தையும் ரேடாரையும் மீட்டுருவாக்க வேண்டும். சினூக்கை மீட்டுருவாக்குவது என்றால் சுமையை மீட்டுருவாக்க வேண்டும். டி.சி.எஸ்.-ஐ உருவாக்கும் ஈகிள் டைனமிக்ஸ் 2024 ஜூலையில் இதை முன்கூட்டிய அணுகலாக (வேலை முழுமையாக முடியும் முன்பே) வெளியிட்டபோது, சரக்கைக் கிடங்கிலிருந்து எடுத்து உள்ளே அடுக்கும் புதிய முறையும் கூடவே வந்தது. எனக்கு அன்றைக்குப் பெரிய செய்தி அதுதான். அதுவரை சரக்கு என்பது மெனுவில் தேர்ந்தெடுக்கும் ஒரு எண். இப்போது அது பின் கதவு வழியாக ஏறி ஓரிடத்தில் உட்காரும் பொருள்.

எழும்ப மறுக்கிறது என்றீர்கள். கணக்கைப் பாருங்கள். சிஎச்-47எஃப் வெறுமையாக ஏறக்குறைய 11 டன். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 22.7 டன். பக்கவாட்டுத் தொட்டிகள் நிறைய எரிபொருள் நிரப்பினால் சுமார் 3,900 லிட்டர், அதாவது 3 டன்னுக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் எட்டரை டன். அதில் ஆட்கள், துப்பாக்கிகள், கவசத் தகடுகள் எல்லாம் போக மீதிதான் சரக்கு. நடுக் கொக்கி 11.8 டன் தாங்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தொட்டியையும் நிரப்பிக்கொண்டு, அந்த எடையையே மாட்டிவிட்டு "எழவில்லை" என்பவர்கள் நிறையப் பேர். 11-ம் 3-ம் 11.8-ம் கூட்டினால் 26 டன்னை நெருங்குகிறது. கொக்கி தாங்கும், ஹெலிகாப்டர் தாங்காது. கனமான சுமை தூக்க வேண்டுமானால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே போய்வர வேண்டும். தூரம் போக வேண்டுமானால் சுமையைக் குறைக்க வேண்டும். நிஜத்திலும் இந்தப் பேரம்தான் ஒவ்வொரு பயணத்துக்கும் நடக்கிறது.

இதுவும் கடல் மட்டத்தில், குளிர்ந்த காலையில். நீங்கள் எங்கே பறக்கிறீர்கள்? பெரும்பாலோர் சினூக்கோடு சேர்ந்து வந்த ஆப்கானிஸ்தான் வரைபடத்தில்தான் பறக்கிறார்கள். கந்தஹார் விமானதளமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம். நண்பகலில் 40 டிகிரி வெயில் வைத்தீர்கள் என்றால், காற்று அடர்த்தி குறைந்து, 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பது போன்ற நிலை ஹெலிகாப்டருக்கு. அங்கிருந்து வடக்கே தரின்கோட் போனால் தரை இன்னும் சில நூறு மீட்டர் ஏறுகிறது. எஞ்சின்கள் ஒவ்வொன்றும் 4,700 குதிரைத்திறனுக்கு மேல் கொடுக்கக்கூடியவை என்பது உண்மை. ஆனால் மெலிந்த சூடான காற்றில் எஞ்சினும் இளைக்கும், இறக்கைகளும் இளைக்கும். ஆகவே புறப்படும் இடத்தில் எழ முடிகிறதா என்று பார்த்தால் போதாது. இறங்கும் இடத்தில் ஹோவர் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. கந்தஹாரில் சிரமமில்லாமல் எழுந்துவிட்டு மலைமேட்டில் இறங்கப்போகும்போது பொத்தென்று விழுவது இதனால்தான். அதே பயணத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் உங்கள் கையிலேயே தெரியும்.

சரக்கு அறை 9 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 2.3 மீட்டர் அகலம், ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். இடம் இருக்கிறதே என்று அடைக்கக் கூடாது. எடை முன்னதாகத் தீர்ந்துவிடும். ஆனால் எடை அனுமதித்தால் இந்த அறைக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்பதற்கு 1982 ஃபாக்லாந்து போர் சாட்சி. பிரிட்டனின் சினூக்குகளை ஏற்றிப்போன அட்லாண்டிக் கன்வேயர் கப்பல் தாக்கப்பட்டு மூன்று சினூக்குகள் அதோடு போயின. அந்நேரம் வானில் இருந்ததால் தப்பியது ஒன்று மட்டும். பிராவோ நவம்பர் என்பது அதன் அடையாளக் குறியீடு. உதிரிப் பாகங்களும் கருவிகளும் கப்பலோடு மூழ்கிவிட்ட நிலையில், அந்த ஒற்றை ஹெலிகாப்டர் போர் முடியும்வரை உழைத்தது. ஒரே நடையில் 81 வீரர்களைக்கூட ஏற்றிச் சென்றிருக்கிறது. சாதாரணமாக உட்காரும் இருக்கைகள் 33தான்.

உள்ளே அடுக்கும்போது முன்பின் சமநிலையையும் பாருங்கள். இதில் சினூக் தாராளமானது. இரண்டு ரோட்டர் இரு முனைகளில் இருப்பதால், சுமை கொஞ்சம் பின்னால் போனால் பின் ரோட்டர் கூடுதலாகத் தூக்கிச் சரிக்கட்டும். ஹூயி அவ்வளவு பொறுக்காது. ஆனால் எல்லாவற்றையும் கதவோரம் வைத்தால், சரிக்கட்டவே கட்டுப்பாடு தீர்ந்துபோகும். பிறகு மூக்கைத் தாழ்த்த வேண்டிய நேரத்தில் ஸ்டிக் முன்னால் போக இடம் இருக்காது. கனமானதை நடுவில், லேசானதை ஓரத்தில். லாரி ஷெட்டில் சுமை ஏற்றுபவர்களுக்குத் தெரிந்த அதே விதிதான்.

தொங்கு சுமை தனிக் கலை. முதல் தவறு, ஆடும் சுமையைத் துரத்துவது. சுமை இடப்பக்கம் போகும்போது அதை நிறுத்த நீங்கள் வலப்பக்கம் இழுத்தால் ஊஞ்சலைத் தள்ளிவிடுகிறீர்கள். சுமை எந்தப் பக்கம் போகிறதோ அதன் மேலேயே ஹெலிகாப்டரை மெல்லக் கொண்டுபோங்கள்; கயிறு நேராகும், ஆட்டம் தணியும். இரண்டாவது, கனம் குறைந்த பெரிய பொருளைச் சுலபம் என்று நினைப்பது. நாலு டன் பீரங்கி சாதுவாகத் தொங்கும். வெறும் கன்டெய்னர் காற்றில் பாய்மரம் மாதிரி மிதந்து சுழன்று பயமுறுத்தும். நிஜ சினூக்கில் முன், நடு, பின் என மூன்று கொக்கிகள் இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான்: முன்னும் பின்னும் இரு இடத்தில் மாட்டினால் சுமை சுழலாது, வேகமாகவும் போகலாம்.

ஆட்டம் கை மீறினால் சுமையை விட்டுவிட வேண்டும். 2024 ஆகஸ்ட் 31 அன்று கேதார்நாத்திலிருந்து பழுதான தனியார் ஹெலிகாப்டர் ஒன்றை இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 தூக்கிக்கொண்டு போனபோது, சுமை காற்றில் சமநிலை இழந்தது. விமானி அதைப் பள்ளத்தாக்கில் விட்டுவிட்டார். யாருக்கும் காயமில்லை. அந்தக் காணொளியைப் பார்த்துப் பலர் தவறவிட்டார் என்றார்கள். ஒரு விமானி எடுக்க வேண்டிய சரியான முடிவு அதுதான். அவசர விடுவிப்புப் பொத்தான் உங்கள் ஜாய்ஸ்டிக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள்.

இனி அந்த வால். நீங்கள் வருவது எப்படி இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. 100 நாட் வேகத்தில் தளத்துக்கு அருகே வந்து, ஹூயியில் செய்வது போல மூக்கைத் தூக்கி வேகத்தை வெட்டுகிறீர்கள். சினூக்கில் மூக்கைத் தூக்கினால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் மேலே போகிறது, உங்களுக்குப் பின்னால் பத்து மீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும் உடல் கீழே போகிறது. உங்கள் கண் இன்னும் உயரத்தில் இருக்கும்போதே பின் சக்கரங்கள் தரையை நெருங்கியிருக்கும். முன்னால் உட்கார்ந்துகொண்டு அது தெரியாது. நிஜத்தில் பின்னால் நிற்கும் பணியாளர் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்: பின் சக்கரம் பத்து அடி, ஐந்து, மூன்று என்று. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், அதனால் முன்கூட்டியே தொடங்குங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்து, மூக்கைக் கொஞ்சமாகவே தூக்கி, அதிக நேரம் அப்படியே வைத்திருங்கள். தளத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது 50 நாட்டுக்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

மூக்கு லேசாக உயர்ந்த நிலையில் பின் சக்கரங்கள் முதலில் தொடுவது தவறு இல்லை. சினூக் இறங்கும் இயல்பான விதமே அதுதான். தொட்டதும் முன்பக்கத்தை மெதுவாக இறக்குங்கள். ஆப்கானிஸ்தான் மலைகளில் சக்கரம் நாலையும் வைக்க இடமில்லாத முகட்டில், பின் சக்கரங்களை மட்டும் பாறையில் ஊன்றி, மூக்கு பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் நிற்க, பின் கதவு வழியாக ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். வால் ரோட்டர் உள்ள எந்த ஹெலிகாப்டராலும் அப்படி முதுகைக் காட்டி நிற்க முடியாது.

கடைசி இறக்கத்தில் இன்னொரு ஆபத்து, தன் கீழ்க்காற்றிலேயே தான் மூழ்குவது. முன் வேகம் இல்லாமல் வேகமாக இறங்கினால் ரோட்டர் தான் தள்ளிய காற்றையே மறுபடி விழுங்கும். கலெக்டிவைத் தூக்கத் தூக்க இன்னும் மோசமாகும். 40 நாட்டுக்குக் கீழே போனபின் நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் இறங்குவதில்லை என்பது நான் எனக்கு வைத்திருக்கும் விதி. மாட்டிக்கொண்டால் பக்கவாட்டில் நகருங்கள். முன்னால் போனால் பின் ரோட்டர், முன் ரோட்டர் கலக்கிய காற்றுக்குள்தான் நுழையும். பக்கவாட்டில் போனால் இரண்டும் ஒன்றாக நல்ல காற்றுக்கு வந்துவிடும்.

எதிரி இருக்கும் பகுதியில் இவ்வளவு நிதானமாக வருவது எப்படி என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு நல்ல விடை யாரிடமும் இல்லை. 2011 ஆகஸ்ட் 6 அன்று ஆப்கானிஸ்தானின் தங்கி பள்ளத்தாக்கில் இறங்க வந்த சிஎச்-47டி ஒன்று ராக்கெட் குண்டுபட்டு விழுந்து 38 பேர் இறந்தார்கள். இறங்க வரும் அந்த ஓரிரு நிமிடங்கள்தான் இந்த இயந்திரத்தின் பலவீனம். விளையாட்டில் பக்கவாட்டுத் துப்பாக்கிகளை நம்பி உள்ளே போகாதீர்கள். பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும்போது, துணைக்கு ஒரு அப்பாச்சி போர் ஹெலிகாப்டரோ கியோவா வேவு ஹெலிகாப்டரோ முன்னால் போய்ப் பார்த்துச் சொல்லும்வரை மலைக்குப் பின்னால் காத்திருங்கள். ஒவ்வொரு நடைக்கும் வரும் வழியை மாற்றுங்கள்.

நிஜத்தை எவ்வளவு ஒத்திருக்கிறது என்ற கேள்விக்கு: பறக்கும் குணம், எடையின் விளைவு, இவை இரண்டிலும் எனக்குத் திருப்தி. முன்கூட்டிய அணுகல் என்பதால் மற்றவை மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. இன்று ஒருவர் சொல்லும் குறை அடுத்த புதுப்பிப்பில் இல்லாமல் போகலாம். போர் வேண்டாம், சரக்கு மட்டும் போதும் என்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024-இல் பழைய டி ரகம் இருக்கிறது. நம் விமானப்படையிடம் இருக்கும் 15 சினூக்குகளும் எஃப் ரகத்தின் இந்திய வடிவம். முதல் நான்கும் 2019 மார்ச் 25 அன்று சண்டிகரில் படையில் சேர்ந்தன. அவற்றின் காக்பிட் எப்படி இருக்கும் என்று ஆசைப்படுபவர்களுக்கு டி.சி.எஸ். தான் கிட்டத்தில் வரும்.

நாளைக்கு இப்படிச் செய்யுங்கள். கந்தஹார், விடியற்காலை, காற்றில்லாத நிலை. எரிபொருள் பாதி, சரக்கு எதுவும் வேண்டாம். கால்கள் தரையில். எழும்பி ஐந்து நிமிடம் நில்லுங்கள். அப்புறம் ஓடுபாதை நெடுக 30 நாட் வேகத்தில் போய், பின் சக்கரம் முதலில் தொடும்படி இறங்குங்கள். பத்து முறை நன்றாக வந்தபின் இரண்டு டன் ஏற்றி அதையே செய்யுங்கள், அதன்பின் நான்கு. வால் மறுபடி இடித்தால், அந்த இறக்கத்தின் பதிவைத் திரும்ப ஓட்டி வெளியிலிருந்து பார்த்து, மூக்கு எத்தனை டிகிரி தூக்கியிருந்தது என்று குறித்து எழுதுங்கள். அந்த எண்ணை வைத்து மேலே பேசலாம்.